தரவரிசையும் தரமும்: தமிழ்ச் சொல்லிசைத் தனிப்பாடல்களை மதிப்பிடுதல்

முன்னுரை

ஒரு பாடல் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பது எண்ணிக்கை பற்றிய செய்தி. அது நல்ல பாடலா என்பது மதிப்பீடு பற்றிய வினா. இவ்விரண்டும் ஒன்றே என்பதுபோல் பேசும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. கோடிக்கணக்கானோர் பார்த்த பாடல் என்றால் அது தமிழை உலகுக்கு எடுத்துச் சென்றது என்று ஒரு சாரார் போற்றுகின்றனர். அதே பாடலில் ஆங்கிலம் கலந்திருந்தால் அது தமிழைக் கெடுத்தது என்று மற்றொரு சாரார் ஒதுக்குகின்றனர். இரு சாராருமே பாடலைக் கேட்டு முடிவுக்கு வந்தவர்கள் அல்லர். முன்னவர் எண்ணைப் பார்த்தனர். பின்னவர் சொற்களின் பிறப்பைப் பார்த்தனர்.

ராப் எனப்படும் சொல்லிசையிலும் அதனைத் தழுவிய மெல்லிசையிலும் அமைந்த தமிழ்த் தனிப்பாடல்களை எந்த அளவுகோல்களால் மதிப்பிடலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சிங்கப்பூரும், குறிப்பாகத் தோ பாயோ போன்ற அடுக்குமாடிக் குடியிருப்பு நகரமும் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன. மலேசியா, தமிழகம் ஆகிய இடங்களில் தோன்றிய பாடல்களும் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பட்டியல் எதனை எண்ணுகிறது?

இங்கிலாந்தில் 1952ஆம் ஆண்டு முதற்பட்டியல் வெளிவந்தபோது எண்ணப்பட்டவை கடைகளில் விற்ற இசைத்தட்டுகள். அமெரிக்காவில் 1958இல் தொடங்கிய பில்போர்டு நூறு பாடல் பட்டியல், விற்பனையோடு வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. 2013ஆம் ஆண்டு முதல் அப்பட்டியல் யூடியூப் பார்வைகளையும் சேர்த்துக்கொண்டது. ஒரு பட்டியலின் முறை மாறும்போது அதில் மேலெழும் பாடல்களின் அமைப்பும் மாறுகிறது என்பது இங்குக் கருதத்தக்கது. ஸ்பாட்டிஃபை தளத்தில் ஒரு பாடல் 30 வினாடிகள் ஒலித்தால்தான் அது ஒரு முறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் வரும். எனவே கேட்பவர் முதல் அரை நிமிடத்திற்குள் பாடலை விட்டு நீங்காதிருத்தல் வேண்டும். தொகையறாவும் நீண்ட முன்னிசையும் சுருங்கி, பல்லவியின் கவர்ச்சியான துண்டு பாடலின் வாயிலுக்கே வந்து நிற்பதற்கு இக்கணக்கும் ஒரு காரணம் எனலாம்.

சிங்கப்பூர்த் தமிழ்ப் பாடகனுக்கு இக்கணக்கு இன்னுமொரு வகையில் பாதகமானது. 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இங்குள்ள ஐந்தும் அதற்கு மேற்பட்ட வயதுடைய குடியிருப்பாளருள் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியும் பேசும் மொழியாகத் தமிழைக் குறித்தனர். 2020ஆம் ஆண்டில் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. நூறு பேரில் இரண்டரைப் பேர் கேட்கும் பாடல், அவர்கள் அனைவரும் விரும்பிக் கேட்டாலும், நாட்டின் பொதுப் பட்டியலில் மேலே வருவது அரிது. ஆகவே பட்டியலை நாடும் கலைஞனுக்கு மூன்று வழிகளே உள்ளன: தமிழகத் திரைப்படத்திற்குச் செல்லுதல், ஆங்கிலத்திற்குச் செல்லுதல், அல்லது இரண்டையும் ஒரே பாடலில் கட்டுதல். மொழிக்கலப்பைக் கலைஞனின் ஒழுக்கக் குறையாக மட்டும் காண்பவர்கள் இந்தப் பொருளாதாரக் காரணத்தைக் காண்பதில்லை. அதே வேளையில், காரணம் இருப்பதனால் மட்டும் பாடல் நல்லதாகிவிடாது என்பதையும் மறத்தல் ஆகாது.

பேட்டை இல்லாத சொல்லிசை

சொல்லிசை இடம் சார்ந்த கலை. 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் கூல் ஹெர்க் நடத்திய இசைக் கூடலை அதன் தொடக்கமாகக் குறிப்பர். சென்னையின் கானாப் பாடலும் அவ்வாறே வடசென்னைத் தெருக்களைத் தன் முகவரியாகக் கொண்டது. 1994இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாடல் தன் தலைப்பிலேயே இவ்வுறவை அறிவித்தது.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. தோ பாயோ 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய நகரம். பெரிய என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லும், சதுப்பு நிலம் என்று பொருள்படும் மலாய்ச் சொல்லும் இணைந்து அதன் பெயராயின. இரு மொழிகள் கூடியமைந்த அப்பெயரை எவரும் பிழை என்பதில்லை. அங்கு லோரோங் 8இல் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆலயம் உண்டு. தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. ஆனால் 'தமிழர் தெரு' என்று ஒன்று இல்லை. 1989ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு கட்டடத்திலும் வட்டாரத்திலும் ஓரினத்தார் குறிப்பிட்ட விழுக்காட்டிற்கு மேல் குடியிருத்தல் ஆகாது என வரையறுத்தது. இன நல்லிணக்கம் அதன் நோக்கம். அதன் பண்பாட்டு விளைவுகளுள் ஒன்று, தமிழோசை தெருவிலிருந்து நீங்கி வீட்டிற்குள்ளும் காதொலிக் கருவிக்குள்ளும் சென்றது என்பதாகும்.

முன்னர் அவ்வோசையை வீடுகளுக்குள் கொண்டுவந்தது வானொலி. தோ பாயோவை அடுத்துள்ள கால்டிகாட் குன்றில் 1937ஆம் ஆண்டு முதல் ஒலிபரப்பு நிலையம் இயங்கியது. பல பத்தாண்டுகள் தமிழ் ஒலிபரப்பும் அங்கிருந்தே வந்தது. நேயர் விருப்பமே அன்றைய தரவரிசை. யார் யாருக்காக எந்தப் பாடலைக் கேட்டார் என்பது பெயருடன் ஒலிக்கும். அங்கு எண்ணிக்கைக்குப் பின்னால் மனிதர் இருந்தனர். 2017ஆம் ஆண்டிற்குள் மீடியாகார்ப் நிறுவனம் அக்குன்றை விட்டு நீங்கிவிட்டது. இன்றைய பட்டியலில் கேட்டவர் பெயர் இல்லை. இத்தகைய சூழலில் சிங்கப்பூர்ச் சொல்லிசைக் கலைஞனுக்குத் தன் பாட்டில் நிறுத்திக்கொள்ளத் தனியொரு பேட்டை இல்லை. நகரம் முழுவதுமே அவனுடைய பேட்டையாதல் வேண்டும். இதனைச் சாதிக்கும் பாடலே இவ்விடத்துக்குரிய பாடல் எனலாம்.

இது புதிய தேவையும் அன்று. 1893ஆம் ஆண்டு ரங்கசாமி தாசன் இயற்றி இங்கு வெளிவந்த 'குதிரைப் பந்தய லாவணி', பந்தயம் காணச் செல்வோர் வழியில் காணும் சிங்கப்பூர்க் காட்சிகளைப் பாடியது. லாவணி அக்காலத்தில் பலர்முன் பாடப்பட்ட வெகுசன வடிவம். 1887இல் சதாசிவ பண்டிதர் 'சிங்கை நகர் அந்தாதி' பாடிய ஆறாண்டுகளில், அந்தாதியின் பக்கத்தில் லாவணியும் வந்து நின்றது. இன்று நாம் இவ்விரண்டையும் இலக்கிய வரலாற்றில் சேர்த்தே பயில்கிறோம்.

ஓசை: முதல் அளவுகோல்

சொல்லிசையை மதிப்பிடுவோர் முதலில் நோக்க வேண்டியது ஓசையை. ஆங்கிலம் அசையழுத்தத்தால் நடக்கும் மொழி. தமிழ் மாத்திரையால் நடக்கும் மொழி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று தொல்காப்பியம் வகுத்த அளவு வெறும் இலக்கணச் செய்தி அன்று. பொருளையே அது தாங்குகிறது. படம் வேறு, பாடம் வேறு; விடு வேறு, வீடு வேறு; பாடு வேறு, பாட்டு வேறு. ஆங்கிலச் சொல்லிசையின் அழுத்தத்தை அப்படியே தமிழ்ச் சொற்களின்மேல் ஏற்றினால் குறில் நீளும், நெடில் குறுகும், பொருள் சிதையும். எனவே தமிழ்ச் சொற்களை அவற்றின் மாத்திரை கெடாமல் நான்கடித் தாளத்திற்குள் அமைப்பவனே வல்லவன்.

தமிழ் இதற்கு ஏலாத மொழி என்பார் அருணகிரிநாதரை எண்ணிப் பார்த்தல் நன்று. வல்லொற்று இரட்டிக்கும் இடங்களை முரசின் அடிபோல் அமைத்துத் திருப்புகழ் சந்தம் நடக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைக் கூறுகையில் வல்லிசை வண்ணத்தையும் ஒன்றாகக் கூறுகிறது. க்க, ட்ட, த்த, ப்ப என்னும் இரட்டிப்புகள் சொல்லிசைக்காரனுக்குத் தாளக் கருவியாகவே அமையக்கூடியவை.

தொடையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலச் சொல்லிசை பெரும்பாலும் அடியிறுதி ஒத்துவரும் இயைபை நம்பியது. தமிழில் அடியிறுதியில் வினைமுற்று நிற்பது இயல்பு. வினைமுற்றின் விகுதியோ பாலுக்கும் இடத்துக்கும் ஏற்பத் தானே ஒத்துவருவது. வந்தான், நின்றான், சென்றான் என்று அடுக்கினால் இயைபு கிடைத்துவிடும். ஆனால் அது இலக்கணம் இலவசமாகத் தந்தது; கவிஞன் ஈட்டியது அன்று. வினைமுற்று இயைபு மலிந்த பாடலைக் குறைவாகவும், எதுகையும் மோனையும் அடியின் முன்பகுதியிலேயே தாளத்தோடு பொருந்தும் பாடலை உயர்வாகவும் மதிப்பிடுவதற்கு இது தக்க காரணம்.

இவ்வளவுகோலால் நோக்கும்போது, யோகி பியும் நட்சத்திராவும் 2006ஆம் ஆண்டு மலேசியாவில் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பும், அதிலுள்ள 'மடை திறந்து' பாடலும் இன்றும் நிலைத்து நிற்கின்றன. 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' திரைப்படத்தில், வாய்ப்புத் தேடும் இளம் இசைக்கலைஞன் ஒருவனின் கனவாக இளையராஜா அமைத்த பாடலை அவர்கள் எடுத்துக்கொண்டனர். பழம்பாடலின் மெட்டை மேலே நிறுத்தி, அதன் இடைவெளிகளைத் தமிழ்ச் சொற்களின் விரைந்த அடுக்குகளால் நிரப்பினர். மெட்டு நீண்டு ஒலிக்க, சொல் குறுகி விரைய, இரண்டும் மோதாமல் நடக்கின்றன. அதோடு, திரையில் ஒருவனின் கனவாக இருந்தது, திரைத்துறைக்கு வெளியே தமக்கென இடம் தேடிய மலேசியத் தமிழ் இளைஞர்களின் அறிவிப்பாக மாறியது. பழையதை எடுத்தாளுதல் என்பது அதன் பொருளை இடம்பெயர்த்தல் என்பதற்கு இது நல்ல சான்று. பழைய பாடலின் புகழை மட்டும் கடன் வாங்கும் மறுகலவைப் பாடல்கள் பலவற்றில் இவ்விடப்பெயர்ச்சி நிகழ்வதில்லை.

மொழிக்கலப்பு: இரண்டாம் அளவுகோல்

இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைச் சொற்களையும் செய்யுளுக்கு உரியனவாகக் கொண்டது தொல்காப்பியம். பிறமொழிச் சொல் வருவதை அது தடுக்கவில்லை. தமிழின் ஒலிமரபுக்கு அடங்கி வருதல் வேண்டும் என்றது. எனவே 'கலந்துள்ளதா?' என்பது பயனற்ற வினா. 'கலந்தது பாடலில் என்ன வேலை செய்கிறது?' என்பதே கேட்கத்தக்கது.

2011ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'ஒய் திஸ் கொலவெறி டி' பாடலை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலச் சொற்களின் இறுதியில் உகரம் சேர்த்து அவற்றைத் தமிழ் நாவுக்கு இசைவாக்கியே அப்பாடல் நடக்கிறது. அரைகுறை ஆங்கிலத்தில் புலம்பும் இளைஞனே அதன் பாத்திரம். ஆகவே கலப்பே அதன் நகைச்சுவை. தான் எடுத்துக்கொண்ட சிறு வேலையை அது நேர்மையாகச் செய்து முடித்தது. குறை எங்கு உள்ளது எனில், ஒருமுறை சொல்லிச் சிரித்த வேடிக்கையை நூறு பாடல்கள் திரும்பச் சொன்னதில் உள்ளது. பின்வந்தவர்களுக்குப் பாத்திரம் இல்லை. கலப்பு மட்டுமே எஞ்சியது.

சிங்கப்பூரில் யங் ராஜா வேறொரு வகையைக் காட்டுகிறார். 2019இல் தொடங்கப்பெற்ற டெஃப் ஜாம் தென்கிழக்காசியா நிறுவனத்தின் கலைஞர்களுள் ஒருவரான இவர், ஆங்கிலத்தையும் தமிழையும் ஒரே அடிக்குள் மாற்றி மாற்றிக் கையாள்கிறார். 'முஸ்தஃபா' தொடங்கி இவருடைய தனிப்பாடல்களில் கலப்பு நகைச்சுவைக்காக வரவில்லை. இவருடைய ஆங்கிலமும் தடுமாறவில்லை, தமிழும் தடுமாறவில்லை. வகுப்பறையில் ஒரு மொழியும் உணவு மேசையில் மற்றொரு மொழியுமாக வளர்ந்த தலைமுறையின் இயல்பான பேச்சு அது. ஓசையளவில் இதன் பயனும் குறிப்பிடத்தக்கது: தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலச் சொல்லை இயைபாக்கும்போது, முன்னர்க் கூறிய விகுதி இயைபின் எளிமையிலிருந்து பாடல் தப்புகிறது. எதிர்பாராத இடத்தில் ஒலி ஒத்துவரும் இன்பம் கிடைக்கிறது.

இதற்கு மாறான நிலையொன்றையும் காணலாம். 2010ஆம் ஆண்டு 'எந்திரன்' படத்தின் 'இரும்பிலே ஒரு இருதயம்' பாடலில் சிங்கப்பூர்ச் சொல்லிசைக் கலைஞர் லேடி காஷ், கிறிஸ்ஸியுடன் இணைந்து பங்களித்தார். தமிழ்த் திரையிசையின் பெரும்பட்டியலுக்குள் சிங்கப்பூர்த் தமிழ்ப்பெண் ஒருவர் ஆங்கிலச் சொல்லிசை வழியாக நுழைந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. அவருடைய திறமை ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் அயலகத் தமிழரிடம் தமிழகத் திரை முதலில் நாடுவது எதனை என்பதை அப்பாடலின் அமைப்பு நமக்கு உணர்த்துகிறது.

பொருள்: மூன்றாம் அளவுகோல்

சொல்லிசையில் தற்புகழ்ச்சி மிகுதி என்பது ஆசிரியர் பலரின் மனக்குறை. நன்னூலின் சிறப்புப்பாயிரம் தற்புகழ்ச்சியைத் தகாததாகக் கூறுகிறது. ஆயினும் நான்கு இடங்களில் அதற்கு இசைவு தருகிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், தன்னைப் பிறர் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம் என்பது அதன் கருத்து. சொல்லிசையின் பெருமிதத்தை ஆராய இதனினும் பொருத்தமான கருவி கிடைத்தல் அரிது. பிராங்ஸ் இளைஞன் தன்னைப் பாடியது அவன் ஆற்றலை அறியாதார் நடுவில்; பழிப்புக்கு மறுமொழியாக. ஆகவே ஒரு பாடலில் தற்புகழ்ச்சி வரும்போது 'யாரிடம், எந்த அவையில்?' என்று வினவுதல் வேண்டும். எதிரே அவையும் இல்லை, பழிப்பும் இல்லை, உந்தும் பொன்னும் மட்டும் உண்டு எனில் அப்பெருமிதம் வெறும் விளம்பரம். நூறில் இரண்டரையாக வாழும் மொழியில் நின்று ஓர் இளைஞன் தலைநிமிர்கிறான் எனில் அது நன்னூல் இசைந்த இடம். யங் ராஜாவின் பாடல்களில் இரண்டும் உள்ளன. இரண்டாவது ஓங்கும் இடங்களே நிலைக்கும் என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

2021ஆம் ஆண்டு மார்ச்சில் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்து வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பொருளால் உயர்ந்த தனிப்பாடல். அறிவின் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். நிலத்தைத் திருத்தியும் நிலம் பெறாதவர்களின் வரலாறு, ஒப்பாரியின் சாயலோடு ஆடல் தாளத்தில் அமைந்தது. இறப்புக்குரிய வடிவத்தைக் கொண்டாட்டத்தில் வைத்த துணிவே அதன் கலை. இரப்பர்த் தோட்டங்களின் நினைவுள்ள மலாயாத் தமிழருக்கு அது அயலார் கதையன்று. அதே ஆண்டு ஆகஸ்டில் இதழொன்றின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாதது பெரும் விவாதமாயிற்று. பாடலால் தங்கள் மூவருக்கும் வருவாய் வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் கூறினார். பல கோடிப் பார்வைகள் யாருடைய உழைப்பையும் தாமாக மதிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவற்றோடு ஷபீரின் 'சிங்கை நாடு' (2012) ஒப்பிடத்தக்கது. தேசிய தின விழாச் சூழலில் பிறந்த அப்பாடல், முற்றிலும் தமிழில் நின்று இந்நாட்டை உரிமையோடு விளித்தது. விழாப் பாடலுக்குரிய எல்லை அதற்கு உண்டு. முரண்பட்ட உணர்வுகளுக்கு அங்கு இடமில்லை. ஆயினும் தமிழ்ப் பாடல் சிங்கப்பூருடையதாக ஒலிக்க ஆங்கிலம் கலந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று அது காட்டியது.

வகுப்பறையும் சொல்லிசையும்

சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு, 2005ஆம் ஆண்டில் நல்ல பேச்சுத் தமிழை வகுப்பறையில் பயிற்றுவிக்கப் பரிந்துரைத்தது. அதன் பின்னர்ப் பேச்சுத் தமிழின் தரம் எது என்னும் வினா ஆசிரியர்களின் அன்றாட வினாவாயிற்று. மாணவன் எவரும் ஏவாமல் தானே தேடிக் கேட்கும் தமிழ் பெரும்பாலும் பாடலில்தான் உள்ளது. அதனை வாசலிலேயே நிறுத்துவது பயன் தராது. அதனைப் புகழ்ந்து உள்ளே அழைப்பதும் போதாது.

தமிழில் பாடினானே, அதுவே போதும் என்று கருணை மதிப்பெண் வழங்கும் போக்கு நம்மிடையே உண்டு. அது அன்பினால் எழுவது. ஆயினும் கலைஞனுக்கு அவமதிப்பு. ஆங்கிலப் பாடலின் சொற்கட்டை நுணுகி ஆராயும் மாணவன், தமிழ்ப் பாடலுக்கு மட்டும் ஆசிரியர் அளவுகோலைத் தளர்த்துவதைக் கண்டால், தமிழ் சலுகையால் வாழும் மொழி என்றே எண்ணுவான். மாறாக, இவ்வடியில் எதுகை எங்கே, இந்நெடில் ஏன் குறுகியது, இவ்வாங்கிலச் சொல்லை எடுத்துவிட்டால் பாடல் எதனை இழக்கும், இப்பெருமிதம் எந்த அவையை நோக்கியது என்னும் நான்கு வினாக்களையும் அவன்முன் வைத்தால், யாப்பும் சொல்லதிகாரமும் பாயிரமும் அவனுக்குத் தேர்வுக்குரிய செய்திகளாக இல்லாமல் கேட்கும் கருவிகளாக மாறும்.

முடிவுரை

தரவரிசை பொய் சொல்வதில்லை. தன்னிடம் கேட்கப்பட்ட எண்ணை மட்டும் சொல்கிறது. தரத்தைச் சொல்லும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தது நாமே. மாத்திரை கெடாத ஓசை, வேலை செய்யும் மொழிக்கலப்பு, அவையறிந்த பொருள் என்னும் மூன்றும் தமிழ் மரபிலிருந்தே கிடைக்கும் அளவுகோல்கள். இவற்றால் நோக்கும்போது, பட்டியலில் மேலே சென்ற பாடல்களுள் சில மேலேயே நிற்கின்றன; சில இறங்குகின்றன; பட்டியலுக்கே வராத சில ஏறுகின்றன. லாவணியை இலக்கியமாகக் கொள்ள நமக்கு நெடுங்காலம் ஆயிற்று. நம் காலத்துப் பாடல்களை அவை பாடப்படும் காலத்திலேயே, கருணையும் வெறுப்பும் இன்றிக் கேட்டு மதிப்பிடுதல் தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் உரிய கடமையாகும்.